ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் இல்லாத கட்டம்

கிருஷ்ணகிரியில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு எழுதச் சேர்ந்தவன் நான். வரிக்கணக்கு வேலை ஓய்ந்திருக்கும் மாதங்களில் வங்கிக் கடனுக்கான ப்ராஜெக்ட் ரிப்போர்ட் தயாரிக்கும் வேலை என் மேசைக்கு வரும். அப்புறம் அதுவே முழு நேர வேலையாகிவிட்டது. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்து ஆட்களும் வருவார்கள். 2004-ல் மாவட்டம் பிரிந்தாலும் வியாபாரம் அந்த எல்லையையெல்லாம் பார்ப்பதில்லை. பாலக்கோட்டில் விளைந்த தக்காளி ராயக்கோட்டை மண்டியில் விலை போகும்.

இப்போது சில பயிற்சி வகுப்புகளுக்கும் கூப்பிடுகிறார்கள். ‘தொழில் முனைவுத் திறனும் ஆக்கச் சிந்தனையும்’ என்று பேனரில் போட்டிருப்பார்கள். வந்திருப்பவர்கள் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, நான் ஏதோ புதுத் தொழில்களின் பட்டியல் வாசிக்கப்போவதாகக் காத்திருப்பார்கள். டீ இடைவேளையில் ஒருவராவது ஓரமாகக் கூப்பிட்டு, “யாரும் பண்ணாத ஐடியாவா ஒண்ணு சொல்லுங்க சார்” என்பார். யாரும் செய்யாத தொழில் என்றால் யாரும் வாங்காத பொருளாகவும் இருக்கலாம் என்று சொல்லிப் பார்ப்பேன். சிரித்துவிட்டு, சரி சார், வேறு ஏதாவது, என்பார்.

ரிப்போர்ட்டுக்கு ஒரு வார்ப்பு இருக்கிறது. இயந்திரம் எவ்வளவு, கொட்டகை எவ்வளவு, மின்சாரம், கூலி, கச்சாப் பொருள், கடைசியில் கடனை அடைக்க வருமானம் போதுமா என்ற விகிதம். உற்பத்தித் திறனை முதல் வருஷம் 60 சதவீதம், அடுத்த வருஷம் 70, மூன்றாம் வருஷம் 80 என்று போடுவது எழுதப்படாத சட்டம். நம் ஊர் மாங்கூழ் ஆலைக்கு மாம்பழப் பருவம் முடிந்தால் வேலை முடிந்தது, தக்காளி ஒரு மாதம் குப்பையில் கிடக்கும், அடுத்த மாதம் பூட்டுப் போட்டு விற்கும் என்பதெல்லாம் அந்த வார்ப்பில் ஏறாது. ஒருமுறை வேறெங்கோ பணம் கொடுத்து வாங்கிய ரிப்போர்ட்டைச் சரிபார்க்கக் கொண்டுவந்தார்கள். பர்கூர் பக்கத்தில் தொடங்கப்போகும் ஊறுகாய்த் தொழிலுக்கு ‘துறைமுகம் அருகில் இருப்பது கூடுதல் வசதி’ என்று எழுதியிருந்தது. ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிவிட்டு, இங்கே கடலே இல்லை என்பதை மறந்துவிட்டார்கள்.

இத்தனை வருஷம் இந்தத் தாள்களோடு புழங்கியதில் எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். எந்தச் சங்கதியால் ஒரு சிறுதொழில் பிழைத்து நிற்கிறதோ, அதை எழுத ரிப்போர்ட்டில் கட்டமே கிடையாது. ஆக்கச் சிந்தனை என்று நாம் சொல்வது பெரும்பாலும் அந்தக் கட்டமில்லாத இடத்தில்தான் நடக்கிறது.

சந்தூர்ப் பக்கம் போனவர்களுக்கு மாங்கன்று நர்சரிகள் தெரிந்திருக்கும். சாலையின் இரண்டு பக்கமும் கறுப்புப் பைகளில் கன்றுகள் அடுக்கியிருக்கும். அந்தத் தொழிலின் அஸ்திவாரம் ஆலைக் கழிவு. நம் மாவட்டத்துப் பெங்களூரா மாங்காய் பெரும்பாலும் கூழுக்குத்தான் போகிறது. கூழ் எடுத்தபின் ஆலைக்குப் பின்னால் தோலும் கொட்டையும் மலையாகக் குவியும். இரண்டு நாள் விட்டால் நாற்றம் தாங்காது. அந்தக் கொட்டையை நர்சரிக்காரர்கள் டிராக்டரில் அள்ளிப்போய்ப் பாத்தியில் பதிக்கிறார்கள். மாங்கொட்டைக்கு முளைப்புத் திறன் சில வாரங்களில் போய்விடும் என்பதால், ஆலை ஓடும் நாட்களிலேயே அள்ளியாக வேண்டும். முளைத்த கன்றின் தலையைச் சீவி, தண்டை நடுவில் பிளந்து, நல்ல தாய்மரத்துக் குச்சியை ஆப்பு மாதிரிச் சீவிச் செருகி, பிளாஸ்டிக் நாடாவால் சுற்றிக் கட்டுவார்கள். இந்த ஒட்டுக் கட்டும் வேலையில் பழகிய பெண்களின் கையைப் பார்த்துக்கொண்டே நின்றால் எந்த நொடியில் பிளந்தார், எப்போது செருகினார் என்பதே தெரியாது. நாடாவின் கடைசிச் சுற்றை இழுத்து முடிச்சுப் போடுகிற இடத்தில்தான் கண் பிடிக்கும். பிளேடை வாயோரம் கடித்துக்கொண்டே பேசவும் செய்வார்கள்.

கொட்டையை முதலில் அள்ளியவர் யாரென்று தெரியாது. அவர் எந்தப் பயிற்சி வகுப்பிலும் உட்கார்ந்திருக்க மாட்டார். ஆலைக்காரருக்குத் தொல்லையாகக் கிடந்தது தனக்கு விதை என்று பார்த்திருக்கிறார், அதுவும் கெட்டுப்போவதற்குள். வகுப்பில் இதைச் சொன்னால், “அப்போ கழிவிலிருந்து காசு, அதானே சார்?” என்று நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள். அது பாதிதான். இந்த வருஷம் பதித்த கொட்டை கையில் காசாக மாற இன்னொரு நடவுப் பருவம் ஆகும். அதுவரை தண்ணீர் ஊற்றவும் ஒட்டுக்கூலி கொடுக்கவும் தாக்குப்பிடிக்க வேண்டும். காத்திருக்கிற காலத்துக்கு எங்கிருந்து பணம் புரட்டுவது என்று யோசித்து வைத்திருந்தவர்கள் நிலைத்தார்கள். கொட்டையை அள்ளியவர்கள் எல்லோரும் நிலைக்கவில்லை.

பாலக்கோட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஓர் இளைஞரைப் பற்றி விரிவாகவே சொல்லலாம். ஓசூரில் ஒரு சின்ன லேத் பட்டறையில் வேலை பார்த்தவர். பெரிய கம்பெனிகளுக்குப் பாகங்கள் கடைந்து கொடுக்கும் பட்டறை அது. கம்பெனியிலிருந்து பணம் வர மூன்று மாதம் இழுக்கும், பட்டறை முதலாளி சம்பளத்துக்கு அலைவார் என்று அலுத்துப்போய் ஊருக்குத் திரும்பிவிட்டார். (சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-லேயே சட்டம் வந்துவிட்டது. கம்பெனி அந்தக் கெடுவுக்குள் தராத தொகையை, தருகிற வருஷம் வரை செலவுக் கணக்கில் காட்ட முடியாது என்று வருமான வரியிலும் 2024-லிருந்து பிடி போட்டிருக்கிறார்கள். ஆனால் சட்டத்தைக் காட்டிக் கேட்டால் அடுத்த ஆர்டர் வருமா என்பதுதான் பட்டறைக்காரரின் கவலை.)

அவர் கேட்டு வந்தது தக்காளி சாஸ் தொழிலுக்கு ரிப்போர்ட். எங்கள் பகுதியில் இந்த ஆசை வராத படித்த பிள்ளை குறைவு. விலையில்லாமல் தக்காளியை ரோட்டில் கொட்டுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் ஆயிற்றே. உட்கார்ந்து கணக்குப் போட்டோம். நம் தக்காளியில் கரைந்த திடப்பொருள் நூற்றுக்கு நான்கு, ஐந்துதான் இருக்கும். மீதி பெரும்பாலும் தண்ணீர். சாஸ் என்று விற்க உணவுத்தர விதிப்படி குறைந்தது 25 சதவீதம் வேண்டும். சர்க்கரை ஒரு பங்கை ஈடுகட்டும், மீதிக்குத் தண்ணீரைச் சுண்டவைத்துத்தான் ஆக வேண்டும். அத்தனை தண்ணீரை ஆவியாக்கும் எரிபொருள் செலவை எழுதிப் பார்த்தோம். அப்புறம் 2023 ஜூலையை நினைவுபடுத்தினேன். கிலோ 100 ரூபாயைத் தாண்டிய மாதம் அது. “அந்த மாசம் உங்க மெஷினுக்குத் தக்காளி யார் போடுவாங்க?” அவர் ஒன்றும் சொல்லவில்லை. இந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறவர்கள் சாஸ் போடலாம், தப்பில்லை. அவரிடம் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவர்தான் கேட்டார். “பட்டறையில நாங்க மெட்டீரியல் வாங்கவே மாட்டோம் சார். கம்பெனியே கம்பி கொடுத்துடும். எங்களோடது மெஷினும் கையும்தான். தக்காளியில அப்படி ஜாப் ஒர்க் ஏதாவது இருக்குமா?”

இந்தக் கேள்வியை நான் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. எந்த வகுப்பிலும் சொல்லிக்கொடுக்க முடியும் என்றும் நான் நம்பவில்லை. ஒரு தொழிலில் தினம் பார்த்துச் சலித்த பழக்கத்தை, சம்பந்தமில்லாத இன்னொரு தொழிலின் மேல் வைத்துப் பார்த்தது அவருடைய மனசு.

அது குழித்தட்டு நாற்றில், அதாவது சின்னச் சின்னக் குழிகள் உள்ள தட்டில் விதை போட்டு நாற்று வளர்த்துக் கொடுக்கும் தொழிலில், போய் முடிந்தது. வீரிய ரகத் தக்காளி விதை விலை அதிகம். பத்து கிராம் பாக்கெட்டில் ஏறக்குறைய மூவாயிரம் விதை இருக்கும். மேட்டுப்பாத்தியில் போட்டால் எறும்பும் மழையும் பாதியைக் கொண்டுபோகும். அதனால் விவசாயிகள் விதையை வாங்கி நர்சரியில் கொடுத்து, நாற்றுக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்து வளர்த்து வாங்கிக்கொள்கிறார்கள். நிழல்வலைக் குடில், 98 குழித் தட்டுகள், தென்னை நார்க்கழிவு, தண்ணீர். கிட்டத்தட்ட 25 நாளில் நாற்று தயார். விதையில் போடுகிற பணம் விவசாயியுடையது. ராயக்கோட்டைச் சுற்றுவட்டாரத்தில் இந்தத் தொழில் ஏற்கெனவே நிறையப் பேர் செய்வதுதான். அதனால் இதையும் ‘புதுசு’ என்று சொல்ல முடியாது.

வித்தியாசம் ஓர் அட்டையில் இருந்தது. விதை கொடுத்த விவசாயிக்கும் நர்சரிக்காரருக்கும் எப்போதும் ஒரு சந்தேகம் ஓடிக்கொண்டிருக்கும். மூவாயிரம் கொடுத்தேன், இரண்டாயிரத்து நானூறுதான் வந்திருக்கிறது, மீதியை யாருக்கு விற்றாய்? இவர் பட்டறைப் பழக்கத்தில் ஒவ்வொரு விவசாயியின் தட்டு வரிசைக்கும் ஓர் அட்டை கட்டினார். விதைக் கம்பெனி, பாக்கெட்டில் அச்சடித்த லாட் நம்பர், விதைத்த தேதி, போட்ட எண்ணிக்கை, முளைத்த எண்ணிக்கை, கழித்தது. லேத்தில் ‘ரிஜெக்ட்’ எழுதும் அதே கட்டம். பத்தாம் நாள் விவசாயியை வரச்சொல்லி, அவர் கண் முன்னாலேயே காலிக் குழிகளை எண்ணிக் கையெழுத்து வாங்கினார். சில விவசாயிகள் அந்த அட்டையைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போய், முளைப்பு சரியில்லை என்று விதைக் கடையில் சண்டை போட்டார்கள். அட்டை இருக்கிற நர்சரி என்று பேச்சு பரவியது.

கடன் ரிப்போர்ட்டில் நான் நிழல்வலைக்கும் தட்டுக்கும் விலை எழுதினேன். அட்டையை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது? அச்சடிக்கும் செலவு சில நூறு ரூபாய், ‘இதர செலவுகள்’.

எல்லாம் சுகமாகப் போனது என்று நினைக்க வேண்டாம். தக்காளி விலை விழுந்தால் பதிவு செய்தவர்களே நாற்றை எடுக்க வருவதில்லை. நாற்று முற்றிவிட்டால் தூக்கிப்போட வேண்டியதுதான். இப்போது பாதிக் கூலியை முன்பணமாக வாங்குகிறார், காலித் தட்டுகளில் செண்டுமல்லியும் காலிஃபிளவரும் போடுகிறார். சொந்தக்காரர்களிடம் முன்பணம் கேட்க வாய் வரமாட்டேன் என்கிறது என்றார். தொழில் திறன் என்று வகுப்பில் எத்தனையோ சொல்கிறோம். மாமனாரிடம், “பாதிப் பணம் வெச்சாத்தான் மாமா விதை போடுவேன்” என்று முகம் கோணாமல் சொல்வதைப் பாடத்திட்டத்தில் யாராவது சேர்க்க வேண்டும்.

மானியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் கிராமப்புறத்தில் பொதுப்பிரிவினருக்கு 25 சதவீதம், பெண்கள் உள்ளிட்ட சிறப்புப் பிரிவினருக்கு 35 சதவீதம். அந்தப் பணம் கையில் வருவதில்லை. மூன்று வருஷம் வங்கியில் உங்கள் பெயரில் வைப்பாகக் கிடக்கும், தொழில் நடந்தால்தான் கடனில் கழிப்பார்கள். இது தெரியாமல் மானியத்துக்காகவே தொழில் தேடுகிறவர்கள்தான் ‘ஐடியா சொல்லுங்க’ கூட்டத்தில் அதிகம்.

அதே திட்டத்தில் இன்னொரு விதி இருக்கிறது. இயந்திரம், கொட்டகை மாதிரி நிலையான முதலீடு இல்லாத தொழிலுக்குக் கடன் கிடையாது. இந்த விதியில்தான் பென்னாகரம் பக்கத்துப் பெண்கள் குழு ஒன்று மாட்டியது. புளி தட்டுகிறவர்கள் அவர்கள். ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை எடுத்து, கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர்கள். பயிற்சியில் மதிப்புக் கூட்டுதல் என்று புளி பேஸ்ட் போடச் சொல்லியிருக்கிறார்கள். பேஸ்ட் மெஷினுக்கு விலைப்புள்ளியோடு வந்தார்கள்.

“பேஸ்ட் யாருக்கு வேணும்னு கேட்டீங்களாக்கா?” என்றேன்.

“மெஷின் வாங்கினாத்தான் லோன் தருவாங்களாம்” என்று பதில் வந்தது.

அவர்களுக்கு உண்மையில் வேண்டியிருந்தது மெஷின் இல்லை, சரக்கை வாங்கி வைக்கிற பணம். பருவத்தில், பிப்ரவரி மார்ச்சில், கொட்டைப்புளியை மரத்தடியிலேயே வாங்கி, தாங்களே தட்டி, விலை ஏறும்வரை வைத்திருந்தால் இதுவரை மண்டிக்காரருக்குப் போன காசில் ஒரு பங்கு இவர்களுக்கு வரும். எந்த மரத்துப் புளி சதைப்பற்று, எது நாராக இருக்கும் என்பது கையால் எடுத்துப் பார்த்தே சொல்வார்கள். அந்த அறிவுக்குப் பேஸ்ட்டில் வேலையே இல்லை. அதனால் இயந்திரக் கடனை விட்டுவிட்டு, சுய உதவிக் குழு என்ற முறையில் வங்கியில் கிடைக்கும் கடனுக்கே போகச் சொன்னேன். எனக்கு ரிப்போர்ட் கூலி போனது, போகட்டும்.

வாங்கினார்கள், தட்டினார்கள், கறுத்துப்போகாமல் இருக்கக் குளிர்பதனக் கிடங்கில் வைத்தார்கள். இப்போது குழுவுக்குள் ஒரே வாக்குவாதம். தீபாவளிக்கு முன்னாலேயே தள்ளிவிடலாம், கிடங்கு வாடகை ஏறுகிறது என்கிறார் தலைவி. இன்னும் ஒரு மாதம் பொறுத்தால் கூடுதலாகக் கிடைக்கும் என்கிறார்கள் இரண்டு பேர். பொங்கல் தாண்டினால் புதுப்புளி வந்து விலையை இறக்கிவிடும் என்பதில் மட்டும் எல்லோருக்கும் ஒரே கருத்து. வாடகையையும் வட்டியையும் மாதவாரியாகப் போட்டு, கிலோவுக்கு எத்தனை ரூபாய் ஏறினால் காத்திருப்பது கட்டுப்படியாகும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். தாளை வாங்கிக்கொண்டு வெளியே படிக்கட்டிலேயே நின்று மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள். அடுத்த வாரம் வருவார்கள். அதற்குள் சேலம் லீ பஜாரில் என்ன விலை என்று விசாரித்து வைக்க வேண்டும்.