83ஆம் இஷ்யூல ஆரம்பிச்சது தப்பு: தோர் காமிக்ஸ் திரும்பப் படிச்ச நாலு மாசம்

அக்கா பையன் பிளஸ் டூ பரீட்சை முடிச்சிட்டு சும்மா இருந்தான். தோர் (நார்ஸ் புராணத்து இடி தேவன், மார்வெல் கம்பெனியோட சூப்பர் ஹீரோ) படம் எல்லாம் பார்த்திருக்கான், ஆனா காமிக்ஸ் ஒண்ணு கூட தொட்டதில்ல. "எதுல இருந்து ஆரம்பிக்கட்டும் மாமா"ன்னு கேட்டான், நானும் பெரிய இவன் மாதிரி "எதையும் முதல்ல இருந்துதான்டா படிக்கணும்"னு 1962 கதைகள் இருக்குற தொகுப்பை கையில குடுத்துட்டேன். மூணாவது நாள் புக்கு திரும்ப வந்துச்சு. "என்ன மாமா, தோர் டாக்டரா இருக்காரு, சனி கிரகத்துல இருந்து கல்லு மனுஷங்க வர்றாங்க, லோகியவே காணோம்"னான். எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு. ஏன்னா நானே அதைப் படிச்சு பதினஞ்சு வருஷம் இருக்கும், ஞாபகத்துல இருந்த ருசியை வச்சு சிபாரிசு பண்ணிட்டேன்.

சரி, முதல்ல நாம ஒழுங்கா ஒரு தடவை படிச்சிட்டு அப்புறம் அடுத்தவனுக்கு சொல்லுவோம்னு ஒரு நோட்டு வாங்கி வச்சு உட்கார்ந்தேன். கூடவே எட்டா (நார்ஸ் புராணக் கதைகள் இருக்குற பழைய நூல்கள்) இங்கிலீஷ் மொழிபெயர்ப்பையும் எடுத்து வச்சுக்கிட்டேன். ஐஸ்லாந்துல 1220 வாக்குல ஸ்னோரி ஸ்டர்லசன்னு ஒருத்தர் எழுதி வச்சது ஒண்ணு, அவருக்கும் முந்தின பழைய பாட்டுக்களோட தொகுப்பு இன்னொண்ணு. காமிக்ஸ்காரங்க எதை எடுத்தாங்க, எதை மாத்துனாங்கன்னு பக்கத்துல வச்சுப் பார்க்கலாம்னு ஒரு ஆசை. பிளான் தினம் ரெண்டு இஷ்யூ. (பிளான் என்ன ஆச்சுன்னு கேக்காதீங்க.)

முதல் ரெண்டு வாரம். தோர் முதல்ல வந்த ஜர்னி இன்டு மிஸ்டரி 83ஆம் இஷ்யூ, அட்டையில ஆகஸ்ட் 1962. எழுத்து ஸ்டான் லீ, அவரு தம்பி லாரி லீபர், படம் ஜாக் கிர்பி. டொனால்ட் பிளேக்னு கால் ஊனமான ஒரு டாக்டர் நார்வேக்கு லீவுல போறாரு, குகைக்குள்ள மாட்டிக்கிறாரு, ஒரு கைத்தடி கிடைக்குது, அதை பாறையில அடிச்சதும் சுத்தியல் ஆகுது, இவரு தோர் ஆகுறாரு. இது வரைக்கும் நல்லாத்தான் இருக்கு. அதுக்கப்புறம் வர்ற இஷ்யூ எல்லாம் கம்யூனிஸ்ட் வில்லன், எதிர்காலத்துல இருந்து வர்ற வில்லன், சுத்தியலை 60 செகண்ட் கையை விட்டா திரும்ப டாக்டர் ஆயிடுவாருன்னு ஒரு ரூல், அந்த ரூலை வச்சே கதைக்கு கதை ஓட்டுறாங்க. தோரோட தம்பியும் பெரிய வில்லனுமான லோகி 85லதான் வர்றான். பையன் 84லயே மூடி வச்சிருக்கான், அவன் மேல தப்பே இல்ல. நானே ரெண்டாவது வார கடைசியில தினம் ரெண்டுங்கிறது ரெண்டு நாளைக்கு ஒண்ணுன்னு ஆகி, அப்புறம் டேப்லெட்டை திறக்கவே சோம்பலா ஆயிடுச்சு.

என்னைத் திரும்ப இழுத்துட்டு வந்தது 97ஆம் இஷ்யூல ஆரம்பிக்கிற டேல்ஸ் ஆஃப் அஸ்கார்ட் (அஸ்கார்ட்னா தேவர்களோட லோகம்). மெயின் கதைக்குப் பின்னாடி ஒட்டிக்கிட்டு வர்ற அஞ்சு பக்கக் குட்டிக் கதை, ஆனா கிர்பி அதுலதான் மனசை வச்சு வரைஞ்சிருக்காருன்னு பார்த்தாலே தெரியுது. ஈமிர்ங்கிற பனி அரக்கன், பனியை நக்கி நக்கி தேவனை வெளிய கொண்டு வர்ற பசு, நெருப்பு ராட்சசன் சர்டர், இதெல்லாம் ஸ்னோரி சொல்ற சிருஷ்டிக் கதைதான். கிர்பிக்கு இது மார்வெல்ல வந்த ஆசை இல்ல, 1957லயே இன்னொரு கம்பெனிக்கு ஒரு தோர் கதை வரைஞ்சிருக்காரு, அதுல தோருக்கு தாடி உண்டு. 126ல (மார்ச் 1966) புக்கு பேரே தோர்னு மாறுது, அங்க இருந்து கிர்பி போற வரைக்கும், அதாவது 1970ல 179 வரைக்கும், கதை எப்படியோ போகட்டும், பக்கங்களைப் பார்த்துட்டே இருக்கலாம். அஸ்கார்டை கோயில் பாதி ராக்கெட் ஸ்டேஷன் பாதின்னு வரைஞ்சு வச்சிருக்காரு மனுஷன். ஆனா ஒரு குறை, நிறைய இஷ்யூவுக்கு வின்ஸ் கொலெட்டா இங்க் (பென்சில் படத்து மேல மை) பண்ணியிருக்காரு, டைம் மிச்சம் பண்ண கிர்பி பென்சில்ல போட்ட ஆளு, பில்டிங்கை எல்லாம் அழிச்சிடுவாருன்னு அவர் மேல ரொம்ப நாளா ஒரு பேச்சு உண்டு. அதைத் தெரிஞ்சுக்கிட்டு பார்த்தா காலியா இருக்குற ஒவ்வொரு மூலையும் கண்ணை உறுத்துது.

இதுக்கு நடுவுல எட்டா பக்கம் போனா அங்க இருக்குற ஆளே வேற. சிவப்புத் தாடி, சட்டுன்னு கோவம், சாப்பாடுன்னா சாப்பாடு. லோகி தம்பி எல்லாம் இல்ல, அவன் தோரோட அப்பா ஓடினோட ரத்த சகோதரன், அப்படிப் பார்த்தா தோருக்கு சித்தப்பா முறை! தம்பியாக்குனது காமிக்ஸ்காரங்கதான். ஒரு பாட்டுல தோரோட சுத்தியலை ஒரு அரக்கன் திருடிட்டு, ஃப்ரேயாங்கிற தேவதையைக் கட்டிக் குடுத்தாதான் தருவேன்கிறான். உடனே தோருக்கு பொண்ணு வேஷம் போட்டு முக்காடு போட்டு அனுப்புறாங்க, கல்யாணப் பந்தியில பொண்ணு உட்கார்ந்து ஒரு முழு மாடு, எட்டு சால்மன் மீனு, மூணு பீப்பாய் மதுவை உள்ள தள்ளுது, மாப்பிள்ளை மிரண்டு போறான். பக்கத்துல தோழி வேஷத்துல லோகி, "பாவம் எட்டு நாளா உங்க நினைப்புல சாப்பிடவே இல்ல"ன்னு சமாளிக்கிறான். நைட்டு பதினோரு மணிக்கு தனியா சிரிச்சிட்டு இருந்தேன். பையன்கிட்ட சொன்னதும் "மாமா இது பீமன் கீசகனை அடிச்ச கதை மாதிரி இருக்கே"ன்னான். கரெக்ட்டுதான், தெருக்கூத்துல பார்த்த அதே பீமன்தான், சோத்து மூட்டையோட. இந்தத் தோரை மார்வெல் கடைசி வரைக்கும் முழுசா எடுக்கலைங்கிறது என் வருத்தம்.

நடுவுல 180ல இருந்து 336 வரைக்கும் இருக்குறதை புரட்டித் தள்ளிட்டேன். எல்லாத்தையும் படிச்சே ஆகணும்னு சட்டமா இருக்கு?

அஞ்சாவது வாரம், எழுதி வரைஞ்ச வால்டர் சைமன்சன். 337ஆம் இஷ்யூ, நவம்பர் 1983. இதுக்காகவே அவரோட ஆம்னிபஸ்ஸை (எல்லா இஷ்யூவும் சேர்ந்த குண்டுத் தொகுப்பு) அலமாரி மேல இருந்து இறக்குனேன், ஆயிரம் பக்கத்துக்கு மேல, படுத்துக்கிட்டு படிச்சு மூக்கு மேல விழுந்து ரெண்டு நாள் வலி, அதனால டைனிங் டேபிள்ல தலகாணி வச்சு அது மேல வச்சுதான் படிக்க முடிஞ்சுது, வீட்டுல எல்லாரும் ஒரு மாதிரி பார்த்தாங்க. அட்டையப் பாருங்க, குதிரை மூஞ்சி மாதிரி ஒரு அன்னிய ஜந்து தோர் டிரெஸ்ஸைப் போட்டுக்கிட்டு புக்கோட டைட்டிலையே சுத்தியலால உடைக்குது. அதோட பேரு பீட்டா ரே பில். தகுதி உள்ளவன்தான் சுத்தியலைத் தூக்க முடியும்னு இருவத்தொரு வருஷமா சொல்லிட்டு வந்தாங்கல்ல, சைமன்சன் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், சரி அப்போ வேற ஒருத்தனுக்கும் தகுதி இருந்தா? அதுவும் பார்க்க ராட்சசன் மாதிரி இருக்குறவனுக்கு?

அப்புறம் அந்த டூம். முதல் இஷ்யூல இருந்தே எங்கயோ இருட்டுல யாரோ பட்டறையில ஒரு வாளை அடிச்சு செய்றாங்க, ஒரு பேஜ்தான், டூம்னு ஒரு சத்தம், ஜான் வொர்க்மனோட லெட்டரிங் (எழுத்து வரையுறது) அப்படியே பக்கத்தையே பிளக்குற மாதிரி. அடுத்த இஷ்யூல திரும்ப ஒரு டூம். பத்து இஷ்யூக்கு மேல இப்படியே போகுது. யாருன்னு எனக்குத் தெரியும், ஏற்கனவே படிச்சிருக்கேன், இருந்தாலும் அந்தப் பேஜ் வந்தா வயித்துல என்னமோ பண்ணுச்சு. அடிச்சது சர்டர். 353ல ஓடின், தோர், லோகி மூணு பேரும் ஒண்ணா நின்னு அவன் மேல பாயுறாங்க, அப்பன் அஸ்கார்டுக்காகங்கிறாரு, தோர் பூமிக்காகங்கிறாரு, லோகி "எனக்காக"ங்கிறான். அந்த ஒத்த வார்த்தையில லோகி யாருன்னு முழுசா வந்துடுச்சு.

ஆனா பதினஞ்சு வருஷம் முன்னாடி படிக்கிறப்போ நான் கண்டுக்காம போன கதை ஒண்ணு இருக்கு, 342, 343. ஐலிஃப்னு ஒரு கிழவன், கடைசி வைக்கிங். அவன் கூட இருந்தவங்க எல்லாம் செத்துப் போயிட்டாங்க, இவன் மட்டும் வயசாகி நிக்கிறான், கட்டில்ல கிடந்து செத்தா வல்ஹல்லா (வீரர்களோட சொர்க்கம்) கிடையாது, சண்டையில சாகணும், ஆனா சண்டை போட ஆளே இல்ல. அதனால தோரையே வம்புக்கு இழுக்குறான். அப்போ எனக்கு இருபது வயசு, டிராகன் எப்போ வரும்னு பக்கத்தைத் தள்ளியிருப்பேன். இப்போ அந்தக் கிழவன் கை நடுங்கிட்டு ஈட்டியைப் பிடிக்கிற பேனல்ல நின்னுட்டேன். எங்க தாத்தா கடைசி ஆறு மாசம் படுக்கையில கிடந்தாரு, அதெல்லாம் இங்க வேண்டாம்.

இதுதான் எனக்கு இந்தத் தடவை பிடிபட்ட விஷயம். எட்டாவுல தேவர்களுக்கு முன்னாடியே தெரியும், ரக்னராக்ங்கிற கடைசி யுத்தம் வரும், தோத்துடுவோம், ஓடினை ஓநாய் முழுங்கும், தோர் பாம்பைக் கொன்னுட்டு ஒன்பது அடி நடந்து விழுந்து சாவான். தெரிஞ்சும் போய் நிக்கிறாங்க. தோர் காமிக்ஸ்ல நல்ல இஷ்யூ எதுவோ அது இந்த நினைப்பை எடுத்துக்கிட்டதா இருக்கு, மோசமான இஷ்யூ எதுவோ அதுல சும்மா ஒரு சூப்பர்மேன் கையில சுத்தியல் இருக்கு, அவ்ளோதான்.

362ல ஸ்கர்ஜ். இவன் ஒரு மூணாந்தர வில்லன், கோடாரி வச்சுக்கிட்டு ஒரு மோகினி பின்னாடி சுத்துறவன், எல்லாரும் அவனைப் பார்த்து சிரிப்பாங்க. சாவு தேவதை ஹெலாவோட லோகத்துல இருந்து எல்லாரும் தப்பிச்சு ஓடுறாங்க, பாலத்துல யாராவது ஒருத்தர் நின்னு தடுக்கணும், தோர் நிக்கிறேங்கிறாரு, ஸ்கர்ஜ் அவரைப் பின்னாடி இருந்து ஒரு போடு போட்டு மயக்கமாக்கிட்டு, ரெண்டு கையிலயும் துப்பாக்கியோட தான் நின்னுடுறான். அந்தப் பாலம் சைமன்சன் கற்பனை இல்ல, செத்துப்போன தேவன் பால்டரைத் திரும்பக் கேட்டு அவன் சகோதரன் ஹெர்மோட் குதிரையில போனதா எட்டாவுல வர்ற அதே கியல்லார் பாலம். செத்தவங்க போற வழியில, உயிரோட இருக்குறவங்களுக்காக ஒருத்தன் குறுக்க நிக்கிறான். நோட்டுல அன்னிக்கு ஒண்ணுமே எழுதல, 362ன்னு மட்டும் போட்டு அடிக்கோடு இருக்கு.

அடுத்து உடனே, 364ல இருந்து 366, தோர் தவளை ஆயிடுறாரு. லோகி வேலை. நியூயார்க் சென்ட்ரல் பார்க்ல தவளைங்களுக்கும் எலிங்களுக்கும் யுத்தம், தோர் தவளைங்க பக்கம். ஸ்கர்ஜ் செத்து ரெண்டு இஷ்யூல தவளை! இதை ஒரே ஆளு எழுதுனாருன்னா, அந்தப் பந்தியில மாடு தின்ன தோரும் இவருக்குப் புரிஞ்சிருக்குன்னு அர்த்தம். 380 முழுக்க ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு படம், தோரும் யோர்முன்காண்ட் பாம்பும். ஹெலாவோட சாபத்துல எலும்பெல்லாம் நொறுங்குற நிலைமையில அடிச்சு ஜெயிக்கிறாரு. வரைஞ்சது சால் பஸ்செமா. 382ல, ஆகஸ்ட் 1987ல சைமன்சன் கிளம்பிட்டாரு. ஒரு விஷயம், ஆம்னிபஸ்ல ஸ்டீவ் ஓலிஃப் புதுசா கலர் பண்ணியிருக்காரு, அழகாத்தான் இருக்கு, ஆனா பழைய காகிதத்துல இருக்குற அந்த மொறமொறப்பு போயிடுச்சுன்னு எனக்குப் படுது. பழைய இஷ்யூ ஒண்ணு ரெண்டு கிடைச்சா வச்சுப் பாருங்க.

அடுத்து, 2007ல ஸ்ட்ராசின்ஸ்கி எழுதி கோய்பெல் வரைஞ்ச தோர். ஓக்லஹோமாவுல பிராக்ஸ்டன்ங்கிற சின்ன ஊருக்கு மேல அஸ்கார்ட் மிதக்குது, தேவர்கள் ஊர்க் கூட்டத்துக்கு வர்றாங்க. சண்டையே கம்மி. முதல் தடவை போர் அடிச்சுதுன்னு விட்டேன், இப்போ ரெண்டே நாள்ல முடிச்சேன், வயசாயிடுச்சோ என்னமோ.

எழுத்தாளர் ஜேசன் ஏரன் மேட்டர்ல கொஞ்சம் தலைகீழ். 2012ல அவரோட காட் ஆஃப் தண்டர் வந்தப்போ நான் அதைப் பத்தி பேசாத ஆளே இல்ல. கோர்னு ஒருத்தன், பிள்ளைங்க எல்லாம் பட்டினியில சாவுது, வேண்டுன எந்த சாமியும் வரல, அதனால சாமிகளைத் தேடித் தேடி கொல்றான். அவனை எதுத்து மூணு காலத்துத் தோர், வைக்கிங் காலத்து வாலிபன், இப்போ இருக்குற தோர், ஒத்தக் கண்ணோட ஒத்தக் கையோட கிழட்டு ராஜா. எசாட் ரிபிச் பெயின்டிங் மாதிரி வரைஞ்சிருக்காரு. முதல் அஞ்சு இஷ்யூ இப்பவும் நெருப்பு. ஆனா 6ல இருந்து 11 வரைக்கும் வர்ற வெடிகுண்டுக் கதை ரெண்டாவது தடவைக்குத் தாங்கல, கோர் கேட்ட கேள்விக்கு பதில் சொல்லாம பெரிய சண்டையா போட்டு மூடுன மாதிரி இருக்கு. இந்த மனக்குறை ஏரனுக்கே இருந்திருக்குமோன்னு தோணுது, ஏன்னா பின்னாடி தோர் சுத்தியலைத் தூக்க முடியாம போனதுக்குக் காரணமே "கோர் சொன்னது சரி"ங்கிற ஒரு வரிதான். அதுக்கப்புறம் தோரோட பழைய காதலி ஜேன் ஃபாஸ்டர் சுத்தியலை எடுக்குறது, டாட்டர்மன் ஆர்ட், ஜேனுக்கு கேன்சர், ஒவ்வொரு தடவை தோரா மாறுறப்பவும் கீமோ மருந்து உடம்பை விட்டுப் போயிடும். மாறுனா சாவு நெருங்குது, மாறாட்டி ஊரே சாகும். ஐலிஃப், ஸ்கர்ஜ் வரிசையில நிக்க வேண்டிய ஆளு.

பையனுக்கு ரெண்டாவது தடவை என்ன குடுத்தேன்னா, 337ல இருந்து 340 மட்டும், நாலே இஷ்யூ. அந்தப் பழைய நாடகத்தனமான இங்கிலீஷ் அவனுக்கு முதல்ல இடிச்சுது, "நம்ம பழைய ராஜா ராணி படம் மாதிரி சவுண்டு விட்டு படிடா"ன்னேன், சரியாயிடுச்சு. ரெண்டே நாள்ல மிச்சத்தைக் கேட்டு வந்தான். சூப்பர் ஹீரோவே ஆகாதுங்கிறவங்களுக்கு டென்மார்க்ல பீட்டர் மாட்சன் குழு பண்ணுன வல்ஹல்லா இருக்கு, 15 ஆல்பம், மாடு தின்ற தோர் அங்க இருக்காரு.

நான் இப்போ சைமன்சன் 2014ல மார்வெலுக்கு வெளிய ஆரம்பிச்ச ரக்னராக்ல இருக்கேன். ரக்னராக் முடிஞ்சு எல்லாரும் செத்த பின்னாடி, கீழ் தாடை இல்லாத பொணமா தோர் எழுந்து வர்றாரு. முதல் புக்குல பாதி தாண்டியிருக்கேன். ஆம்னிபஸ் பையன் வீட்டுல இருக்கு, நேத்து ராத்திரி ஒரு மணிக்கு மெசேஜ் போட்டிருந்தான், வேற ஒண்ணும் இல்ல, "மாமா 362"ன்னு மட்டும்.