வரிசை 90, நீளம் மட்டும் வேறு வேறு

பட்டை பட்டையாகப் பின்னிக் கடைசியில் இணைக்கிற ஆஃப்கனில் (கொக்கி ஊசியால் பின்னும் குரோஷே போர்வை) பெரிய சௌகரியம், முழுப் போர்வையையும் மடியில் போட்டுக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. ஒரு ஊசி, ஒரு நூல் உருண்டை, பாதி பின்னிய பட்டை, அவ்வளவுதான் பையில். தொந்தரவு என்னவென்றால், எல்லாப் பட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் போடும்வரை எது சரி, எது கோணல் என்றே தெரியாது.

என் கணக்கு இது. பட்டைக்கு அகலத்தில் 20 டபுள் குரோஷே தையல், 90 வரிசை, மொத்தம் 7 பட்டை. நடுத்தரக் கனமுள்ள அக்ரிலிக் நூல், 5.5 மி.மீ. ஊசி. (டபுள் என்று நான் சொல்வது அமெரிக்க வழக்கு. பிரிட்டிஷ் பேட்டர்ன்களில் இதே தையல் ட்ரெபிள் என்று இருக்கும்.) சாம்பிள் பின்னிப் பார்த்ததில் 10 வரிசைக்கு 13.3 செ.மீ. வந்தது. அப்படியானால் பட்டை 120 செ.மீ. வர வேண்டும். வந்தது 117 முதல் 125 வரை. வரிசையை எண்ணினால் எல்லாவற்றிலும் 90. எனக்கு எரிச்சலே அதில்தான். எண்ணிக்கை குறைந்திருந்தால் இரண்டு வரிசை போட்டு முடித்துவிடலாம். எண்ணிக்கை சரியாக இருந்து அளவு மட்டும் தப்பினால் எங்கே கை வைப்பது?

அகலம் அவ்வளவு படுத்தவில்லை. ஓரம் உள்வாங்குவதற்கு வழக்கமான காரணம், ஒரு வரிசை முடிந்து திரும்பும்போது போடுகிற 3 செயின் (சங்கிலிக் கண்ணி). அதுதான் வரிசையின் முதல் தையல். அடுத்த வரிசையின் கடைசியில் அதன் உச்சியில் ஊசியை விட்டாக வேண்டும். ஆனால் அந்த உச்சி பின்பக்கமாகச் சுருண்டு ஒளிந்துகொள்ளும், கண்ணில் படாது. விட்டுப்போனால் 20 தையல் 19 ஆகும், பிறகு 18. முதல் தையலிலும் கடைசித் தையலிலும் மார்க்கர் (அடையாளத்துக்கு மாட்டும் சின்னக் கொக்கி) மாட்டிவிட்டால் இந்தத் தலைவலி இல்லை. ஆரம்பச் செயின் இறுகினால் பட்டையின் அடிப்பக்கம் குறுகி, மேலே போகப் போக விசிறி மாதிரி விரியும். செயினுக்கு மட்டும் 6.5 ஊசி எடுத்துக்கொண்டதில் அதுவும் அடங்கியது.

நீளம்தான் ஆட்டிப்படைத்தது. முழுப் பட்டையை அளப்பதை விட்டுவிட்டு, பத்துப் பத்து வரிசையாக டேப் வைத்து அளந்தபோதுதான் விஷயம் புரிந்தது. 117 வந்த கருநீலப் பட்டை அடி முதல் நுனி வரை ஒரே சீராக 10 வரிசைக்கு 13 செ.மீ. அந்த நிற நூல் மற்றதைவிடக் கொஞ்சம் சொரசொரப்பு, ஊசியில் வழுக்காமல் ஒட்டிக்கொண்டே வந்தது. கை தானாக இறுக்கிவிட்டது. 125 வந்த பட்டையின் கதை வேறு. 45-ஆவது வரிசை வரை கச்சிதமாக 13.3, அதற்கு மேல் 14.4. ஒரு வரிசைக்கு 1 மி.மீ. சொச்சம்தான் கூடுதல், கண்ணால் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. 45 வரிசையில் அது 5 செ.மீ. ஆகிவிட்டது.

அந்த 1 மி.மீ. எங்கிருந்து வருகிறது என்று மெதுவாகப் பின்னிப் பார்த்தேன். ஊசியில் நூலைச் சுற்றி, கீழ் வரிசைத் தையலுக்குள் விட்டு, நூலை மாட்டி வெளியே இழுக்கிறோம் இல்லையா, அப்போது ஊசியில் ஏறுகிற அந்த முதல் கண்ணி எவ்வளவு உயரம் எழும்புகிறதோ அதுதான் தையலின் உயரத்தைத் தீர்மானிக்கிறது. கோல்டன் லூப் என்பார்கள். சிலர் கை அதைக் கீழ்நோக்கி இறுக்கும், சிலர் கை மேலே தூக்கும், சிலர் கை இருந்த இடத்திலேயே விடும். எந்தக் கையாக இருந்தாலும் கெடுதல் இல்லை, கடைசிவரை அப்படியே இருந்தால். அலுப்பு வந்தால் என் கை தூக்க ஆரம்பித்துவிடுகிறது. ஊசியின் அளவை மாற்றினால் தையலின் அகலமும் சேர்ந்து மாறும், ஆகையால் இதற்கு ஊசி மருந்தல்ல.

அளப்பதிலும் ஒரு விஷயம். நாற்காலி முதுகில் தொங்கப்போட்ட பட்டை தன் எடையிலேயே நீண்டிருக்கும். ஒரு ராத்திரி தரையில் கிடத்திவிட்டு அளப்பதுதான் கணக்கு.

அக்ரிலிக் என்பதால், கம்பளி மாதிரி நனைத்து, இழுத்துக் குண்டூசி குத்திக் காயவைத்தால் பெரிதாகப் பலன் இல்லை. ஆவி காட்டலாம், ஆனால் இஸ்திரிப் பெட்டி பின்னலைத் தொடக் கூடாது. சூடு மிஞ்சினால் நூல் துவண்டு பளபளவென்று ஆகிவிடும், பழைய நிலைக்குத் திரும்பவே திரும்பாது. குட்டைப் பட்டைகள் ஆவியில் 1 செ.மீ. போலக் கொடுத்தன.

உண்மையில் கைகொடுத்தது பார்டர். ஒவ்வொரு பட்டையின் பக்க ஓரத்திலும் வரிசைக்கு 2 சிங்கிள் குரோஷே (டபுளைவிடக் குட்டையான தையல்), ஆக 180. குட்டைப் பட்டைகளுக்கு 5.5 ஊசியிலும் நீளமானவற்றுக்கு 5 ஊசியிலும் போட்டேன். ஒன்று சற்று விரிந்து கொடுக்கிறது, மற்றது சற்று உள்ளே இழுத்துக்கொள்கிறது. இணைக்கும்போது டேப்பை ஒதுக்கிவிட்டு, தையலுக்குத் தையல் 180-ஐயும் 180-ஐயும் சேர்க்கிறேன். 30 தையலுக்கு ஒரு மார்க்கர் மாட்டி இரண்டு பட்டையையும் முதலில் பூட்டிக்கொள்கிறேன், அப்போது எந்த வித்தியாசமும் ஒரே இடத்தில் குவியாது. இணைக்கிற ஸ்லிப் ஸ்டிட்சைத் தளர்வாகப் போட வேண்டும். இறுக்கினால் சரியான பட்டைகள்கூடச் சுருக்கம் விழும். கருநீலத்தை 119 செ.மீ. பட்டைக்கும் 120 செ.மீ. பட்டைக்கும் நடுவில் வைத்ததால் அது இப்போது தனியாகத் தெரியவில்லை.

3 செ.மீ. வரை பார்டர் விழுங்கிவிடுகிறது. 5 செ.மீ.யை விழுங்காது, ஓரம் அலை அலையாக நிற்கும். அதனால் அந்த 125-ஐ மட்டும் இணைக்காமல் வைத்து, 45-ஆவது வரிசை வரை பிரித்துவிட்டேன். குரோஷேயில் நுனியிலிருந்துதான் பிரிக்க முடியும். தளர்வு மேல்பாதியில் இருந்தது நல்லதாகப் போயிற்று, அடியில் இருந்திருந்தால் முழுசும் போயிருக்கும். பிரித்த நூல் சுருள் சுருளாக நிற்கிறது, அதை அப்படியே பின்னினால் மறுபடி அளவு ஆடும். அதைச் சிட்டமாகச் சுற்றி ஆவி காட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். இப்போதைக்குப் புது உருண்டையில் 60-ஆவது வரிசை வரை வந்தாயிற்று. கடைசிப் 10 வரிசை 13.4.