அரை மணி பிந்திய கல்

மாசி பிறந்து முதல் ஞாயிறு. வேலூரிலிருந்து பெங்களூர் சாலையில் போய், செதுவாலையில் திரும்பினால் பாலாற்றங்கரையில் விரிஞ்சிபுரம். மார்க்கபந்தீஸ்வரர் கோயில் மதிலின் அழகுக்கு எங்கள் பக்கம் சொலவடையே உண்டு. அதை அண்ணாந்து பார்த்தபடி நடந்ததில் செருப்பை எங்கே விட்டோம் என்பதே மறந்துபோனது.

சன்னதியில் கூட்டமில்லை. லிங்கம் சற்றே சாய்ந்திருப்பது விளக்கு வெளிச்சத்தில் தெரிந்தது. ஈசனின் முடியைக் கண்டதாகப் பொய் சொன்ன பிரம்மா, இங்கே அர்ச்சகர் வீட்டுப் பிள்ளை சிவசர்மனாகப் பிறந்தார். அபிஷேகம் செய்யச் சிறுவனுக்குக் கை எட்டவில்லை. ஈசன் தலையைச் சாய்த்துக் கொடுத்தார். இதைச் சொல்லும்போது அப்பாவின் குரலும் கொஞ்சம் குனியும்.

“ஒரு பக்கம் தரை இறங்கியிருக்கும் தாத்தா” என்றான் பொறியியல் படிக்கும் என் மகன். அப்பா பேசாமல் விபூதி பூசிக்கொண்டார்.

வாக்குவாதம் பிடித்துக்கொண்டது வெளியே வந்தபிறகுதான். தென்புறம் அரைவட்டமாகச் செதுக்கிய காலம் காட்டும் கல் இருக்கிறது. மேலே உள்ள பள்ளத்தில் ஒரு ஈர்க்குச்சியை வைத்தால், நிழல் விழும் எண்தான் மணி. என் கடிகாரத்தில் சரியாக 11. நிழலோ 10-ஐத் தாண்டி, பாதிதான் வந்திருந்தது.

“தப்பா காட்டுது” என்றான் அவன். “இன்னிக்கு இருக்கிற விஞ்ஞானமெல்லாம் நம்ம சாஸ்திரத்துலேர்ந்து எடுத்ததுதான். கல்லு தப்பாகாது” என்றார் அப்பா.

இரண்டுமே எனக்கு ஒப்பவில்லை. நம் கடிகாரம் ஓடுவது 82½ டிகிரி தீர்க்கரேகையின் நேரத்தில். வேலூர் 79-ஐ ஒட்டி இருக்கிறது. டிகிரிக்கு 4 நிமிடம் என்றால் ஏறக்குறைய 14 நிமிடம் இங்கேயே போயிற்று. பிப்ரவரி நடுவில் சூரியனும் தன் சராசரிக்கு 14 நிமிடம் பிந்துகிறது. கல் காட்டியது விரிஞ்சிபுரத்துச் சூரியனின் நேரம். அவ்வளவுதான்.

இந்த இழுபறி இன்று வந்ததல்ல. கிரகணம் நிழலால் வருவது என்று ஆரியபட்டர் 499-லேயே எழுதிவிட்டார். அப்புறம் வந்த வானியல் அறிஞர் வராகமிகிரர் நிழல்தான் காரணம் என்று ஒப்புக்கொண்டு, பிரம்மா தந்த வரத்தால் ராகு அந்த நேரத்தில் அங்கே வருகிறான் என்று புராணத்துக்கும் ஓர் இடம் ஒதுக்கினார். எனக்கு இது கொஞ்சம் ஒட்டுப்போட்ட வேலையாகத்தான் படுகிறது. சங்கரர் கீதை உரையில் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்கிறார்: நெருப்பு குளிரும் என்று நூறு வேதவாக்கியம் சொன்னாலும் அது பிரமாணமாகாது. கண்ணால் அறிய முடியாததைச் சொல்லத்தான் வேதம் என்பது அவர் கட்சி. நானும் அந்தப் பக்கம்தான். கல்லைக் கடிகாரத்தோடு வைத்துப் பார்க்கலாம். ஈசன் குனிந்ததற்கு ரசமட்டம் வைக்க எனக்கு மனசில்லை. வைத்துத் தரை இறங்கியதாகவே தெரிந்தாலும் அடுத்த மாசியில் அதே கதையை அப்பா சொல்ல, நான் கேட்பேன்.

மகன் செல்போனில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். “தாத்தா, நவம்பர் முதல் வாரத்துல கல்லும் கடிகாரமும் ரெண்டு மூணு நிமிஷத்துக்குள்ள ஒண்ணா வரும். அப்ப வந்து பார்ப்போமா?”

“ஐப்பசி அடைமழையில வெயிலுக்கு எங்கடா போவே?” என்றபடி அப்பா செருப்பைத் தேடப் போனார்.