நாற்பது மருந்துக் குப்பிகள்

2011இல் வந்த ஸ்கைரிம் என்ற வீடியோ கேமை இப்போதும் ஆடுகிறேன். அதில் சுமை வரம்பு 300இல் தொடங்கும். தாண்டினால் ஓட முடியாது, ஆமை நடைதான். நான் அங்கேயும் கஞ்சன். பெரிய டிராகன் வரட்டும், அப்போது குடிக்கலாம் என்று சேர்த்த மருந்துக் குப்பிகளே நாற்பதுக்கு மேல். கதை முடிந்துவிட்டது, ஒன்றைக்கூடக் குடிக்கவில்லை.

நேற்று பீரோவைத் திறந்தால், மாமா எடுத்துக் கொடுத்த பட்டுச்சட்டை. நல்ல நாளுக்கென்று மடித்து வைத்தது. மடிப்போரம் பழுப்பேறிவிட்டது. போட்டுப் பார்த்தேன், வயிற்றுப் பொத்தான் சேரவில்லை. (லெவல் ஏறியது அங்கே மட்டும்தான்!)

சரி என்று, அம்மா பத்திரப்படுத்தியிருந்த புது டவரா செட்டை எடுத்துக் காபியை ஆற்றினேன்.

"விருந்தாளிங்களுக்கு வச்சதுடா அது!"

"இன்னைக்கு நான்தான் விருந்தாளின்னு நெனச்சுக்கோம்மா."