ஹன்லே குளிரில் விரல் விறைக்காமல் நட்சத்திரப் படம் எடுக்க

லடாக்கின் ஹன்லேக்குப் போகிறவர்கள் லென்ஸ், நட்சத்திரங்களின் நகர்வுக்கு ஏற்பக் கேமராவைத் திருப்பும் டிராக்கர் பற்றியெல்லாம் மாதக்கணக்கில் யோசிப்பார்கள். கைக்கு மட்டும் லே நகரக் கடைத்தெருவில் ஒரு ஜோடி கிளவுஸ் வாங்கினால் போதும் என்று விட்டுவிடுவார்கள். ஊர் இருப்பது கிட்டத்தட்ட 4,300 மீட்டர் உயரத்தில். அக்டோபர் இரவிலேயே வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். நடுக்குளிர்காலத்தில் மைனஸ் 20ஐத் தாண்டும். அங்குள்ள 2 மீட்டர் இமாலயன் சந்திரா தொலைநோக்கியை வானியலாளர்கள் பெங்களூர் அருகே ஹொஸ்கோட்டேயிலிருந்தே இயக்க முடியும். படமெடுக்கிறவர்கள் டிரைபாட் பக்கத்தில் நின்றாக வேண்டும்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது: விரல் தானாகச் சூடு உண்டாக்குவது மிகக் குறைவு. ரத்தம் கொண்டுவரும் சூடுதான் அதற்கு. நெஞ்சும் வயிறும் குளிர ஆரம்பித்தால் உடல் கைக்குப் போகிற ரத்தத்தைக் குறைத்துவிடும். அப்புறம் எவ்வளவு தடித்த கிளவுஸும் உதவாது. அதனால் கழுத்து, தலை, உடம்பு ஆகியவற்றை மூடுவதுதான் கைக்கான முதல் வேலை. அடுத்தது மணிக்கட்டு. அங்கே தமனி தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. ஜாக்கெட் கைக்கும் கிளவுஸுக்கும் நடுவே விழும் இடைவெளியும் அங்கேதான். பழைய கம்பளிச் சாக்ஸின் முன்பகுதியை வெட்டி, கட்டைவிரலுக்கு ஓர் ஓட்டை போட்டு, உள்ளங்கை பாதி வரை இழுத்துவிடுங்கள். செலவில்லாத வேலை, பலன் பெரிது.

கிளவுஸ் இரண்டு அடுக்கு வேண்டும். உள்ளே மெல்லிய மெரினோ கம்பளி அல்லது பாலியஸ்டர்; பருத்தி வேண்டாம், வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு விரலைக் குளிர வைக்கும். வெளியே விரல்கள் ஒன்றாகச் சேர்ந்திருக்கும் மிட்டன். கடையில் உள் கிளவுஸோடு மிட்டனைப் போட்டு முஷ்டியை மடக்கிப் பாருங்கள். விரல் முட்டியில் இழுத்தால் ஓர் அளவு பெரிதாக வாங்குங்கள். இறுக்கம் ரத்த ஓட்டத்தைத் தடுக்கும். பொருட்களைச் சுமந்து நடக்கும்போது உள் கிளவுஸ் மட்டும் போதும், நின்றதும் மிட்டன். வியர்த்துவிட்டால் மாற்ற இன்னொரு ஜோடி பையில் இருக்கட்டும்.

சமவெளியில் நன்றாக வேலை செய்த ஹேண்ட் வார்மர் (கையைச் சூடாக்கும் சிறு பொட்டலம்) ஹன்லேயில் மந்தமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. உறையைப் பிரித்ததும் சூடாகிற பொட்டலத்துக்குள் இருப்பது இரும்புத் தூள், உப்பு, கரி, கொஞ்சம் ஈரம். இரும்பு துருப்பிடிக்கும்போது வருகிற சூடு அது. துருப்பிடிக்க ஆக்சிஜன் வேண்டும். அந்த உயரத்தில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் 60 சதவீதத்துக்கும் குறைவு. அதோடு மிட்டனுக்குள் அடைத்துவைத்தால் இன்னும் மூச்சுமுட்டும். வெளியே கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்பே பிரித்து, அறையில் குலுக்கிச் சூடேற்றிக்கொள்ளுங்கள். சூடு தணிந்தால் வெளியே எடுத்துக் காற்றுக் காட்டுங்கள். பாதியில் வேலை முடிந்தால் ஜிப்லாக் பையில் காற்றை வெளியேற்றி மூடிவைக்க, மிச்சம் அடுத்த நாளுக்கு ஆகும். பெட்ரோலை எரிபொருளாகக் கொண்ட வார்மருக்கும் இதே ஆக்சிஜன் சிக்கல்தான்.

உள்ளிருக்கும் சிறு உலோகத் தகட்டைச் சொடுக்கினால் கட்டியாகிச் சூடாகும் ஜெல் பைக்குக் காற்று தேவையில்லை, ஆனால் அரை மணி, முக்கால் மணிதான் தாங்கும். அங்கே தண்ணீர் சுமார் 85 டிகிரியிலேயே கொதிக்கும். ஜெல் உருக 58 போதும் என்பதால் கொதிநீரில் போட்டு மறுபடி தயார் செய்யலாம். ஒரு துளி படிகம்கூட மிஞ்சக் கூடாது, மிஞ்சினால் ஆறும்போது தானே கட்டியாகிவிடும். முழு இரவுக்கு யுஎஸ்பி சார்ஜ் வார்மரை முதலில் நம்பலாம் என்பதே என் கருத்து. இரும்புப் பொட்டலம் துணைக்கு. எந்த வார்மரையும் வெறும் தோலில் வைக்காதீர்கள். மரத்துப்போன கைக்குச் சுடுவது தெரியாது.

இனி டிரைபாட். அலுமினியக் கால் கிளவுஸ் வழியாகவே சூட்டை உறிஞ்சும். ஏசி காப்பர் குழாய்க்கு மெக்கானிக் போடும் கறுப்பு ஃபோம் குழாயை நீளவாக்கில் கீறி, டிரைபாட் காலின் மேல் பகுதியில் மட்டும் மாட்டி டேப் சுற்றுங்கள். கீழ்ப்பகுதிகள் உள்ளே போய்வர வேண்டும், அங்கே கூடாது. குறித்த இடைவெளியில் தானாகப் படமெடுக்க வைக்கும் இன்டர்வலோமீட்டரின் எண்களை அறையிலேயே போட்டுவிடுங்கள். ஃபோகஸ் கிடைத்த உடனே லென்ஸின் ஃபோகஸ் வளையத்தை டேப்பால் ஒட்டினால் பத்து முறை கையை வெளியே எடுப்பது மிச்சம்.

விரல் நுனி வெளுத்து, மெழுகு போலாகி, தொட்டால் உணர்வே இல்லையென்றால் வேலையை நிறுத்துங்கள். தேய்க்கக் கூடாது, அடுப்பில் காட்டக் கூடாது. அக்குளில் வைத்து அறைக்குத் திரும்புங்கள். மறுபடி உறையும் வாய்ப்பு இல்லை என்று உறுதியானபின் 37 முதல் 39 டிகிரி வெந்நீரில் முக்க வேண்டும். சூட்டை வேறொருவர் முழங்கையால் பார்க்கட்டும். உணர்வு திரும்பும்போது வலி கடுமையாக இருக்கும். கொப்புளம் வந்தாலோ உணர்வு திரும்பாவிட்டாலோ மருத்துவரிடம் போக வேண்டும்.