எஞ்சினைத் தொடாமல் ஒரு டிராக் டே கார்

பழைய ஹாட் ஹாட்ச்பேக் (வேகமாக ஓடும்படி செய்யப்பட்ட சிறிய குடும்பக் கார்) ஒன்றைக் குறைந்த செலவில் பந்தயத் தடத்துக்குத் தயார்செய்ய விரும்பும் நண்பர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, எஞ்சினிலிருந்து இன்னும் எத்தனை குதிரைத்திறனைக் கறக்கலாம் என்பதுதான். எஞ்சினை நல்ல நிலையில் வைத்திருங்கள், அதற்கு மேல் அதில் கை வைக்காதீர்கள் என்பதே என் பதில். என்னிடம் இருப்பது 2000களின் தொடக்கத்தில் வந்த மூன்று கதவு கார். டர்போ இல்லாத 2 லிட்டர் எஞ்சின், ஐந்து கியர், முன்சக்கர இயக்கம். அதன் எஞ்சின் இன்றுவரை தொழிற்சாலையிலிருந்து வந்தபடியேதான் ஓடுகிறது. செலவழித்த பணம் முழுவதும் காரை நிறுத்துவதற்கும், திருப்புவதற்கும், சூட்டிலிருந்து காப்பதற்கும், உள்ளே அமர்ந்திருப்பவரின் பாதுகாப்புக்கும் போயிருக்கிறது. இந்த வரிசையை நான் உறுதியாக நம்புகிறேன் என்பதால், அதற்கான காரணங்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

டிராக் டே என்பது சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டிப்பார்க்கும் நாள்; அதில் யாரும் யாரையும் வெல்வதில்லை. பொதுவாக நேரம் கணக்கிடப்படுவதில்லை. முந்திச் செல்வதும் முன்னால் இருப்பவர் வழிவிடும்போது மட்டுமே நடக்கிறது. ஆகவே நேர்கோட்டில் கிடைக்கும் கூடுதல் வேகத்தால் நாம் பெறுவது மிகக் குறைவு. அந்த வேகத்தை ஒவ்வொரு வளைவுக்கும் முன் பிரேக்கில் கரைக்கவேண்டியிருப்பதால், செலவு மட்டும் கூடுகிறது. தவிர, இந்த வகைக் கார்களின் சிறப்பு ஒருபோதும் பெரிய எஞ்சினில் இருந்ததில்லை. 1976இல் விற்பனைக்கு வந்த முதல் ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ 1.6 லிட்டர் எஞ்சினிலிருந்து 110 குதிரைத்திறன் தந்தது; அதன் எடை சுமார் 800 கிலோதான். 1984இல் வந்த பெஜோ 205 ஜிடிஐயும் 1.6 லிட்டர், 105 குதிரைத்திறன் என்ற அளவிலேயே தொடங்கியது. பின்னாளில் பாதுகாப்பும் வசதியும் கூடக்கூட எடையும் ஏறி, ஏழாம் தலைமுறை கோல்ஃப் ஜிடிஐ வந்தபோது 1300 கிலோவைத் தாண்டிவிட்டது. எடை குறைந்த பழைய கார் பிரேக்கையும் டயரையும் எரிபொருளையும் குறைவாகத் தின்னும். சிறிய பட்ஜெட்டுக்கு இதைவிட வேறு நியாயம் தேவையில்லை.

காரைத் தேர்ந்தெடுக்கும்போது எஞ்சினைவிட உடலையே அதிகம் பார்க்கவேண்டும். தேய்ந்த பாகங்கள் அனைத்தையும் மாற்றிக்கொள்ளலாம்; ஆனால் கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதியிலும், ஜாக்கி வைக்கும் இடங்களிலும், சஸ்பென்ஷன் உடலோடு இணையும் இடங்களிலும் துரு ஊறியிருந்தால், வெட்டி வெல்டிங் செய்யும் கூலியே காரின் விலையை விழுங்கிவிடும். கம்பளத்தைத் தூக்கித் தரையையும், பானெட்டைத் திறந்து ஷாக் அப்சார்பர் மேலே பொருந்தும் கோபுரங்களையும் பார்க்காமல் பழைய காரை வாங்கவே கூடாது. வண்ணம் மங்கியிருப்பதும், பம்பர் உரசியிருப்பதும், இருக்கைத் துணி கிழிந்திருப்பதும் நமக்கு நல்ல செய்திகள். விலையைக் குறைக்கும், ஓட்டத்தைக் கெடுக்காது.

வாங்கிய பிறகு செய்யவேண்டிய முதல் மாற்றம், எதையும் மாற்றாமல் இருப்பது. அதாவது, காரை அது புதிதாக இருந்த நிலைக்குத் திருப்பிக் கொண்டுவருவது. இருபது ஆண்டுகள் ஓடிய காரின் ஷாக் அப்சார்பர்கள் தளர்ந்திருக்கும், ரப்பர் புஷ்கள் வெடித்திருக்கும், பால் ஜாயின்ட்டுகளிலும் வீல் பேரிங்குகளிலும் ஆட்டம் வந்திருக்கும். இவற்றைச் சரிசெய்யாமல் விலையுயர்ந்த ஸ்பிரிங்குகளைப் பொருத்தினால், அவற்றின் பலன் அந்தத் தளர்ச்சியிலேயே காணாமல் போகும். எஞ்சினின் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட்டுக்குக் கிலோமீட்டர் கணக்கு மட்டுமல்லாமல் வயதுக் கணக்கும் உண்டு. எப்போது மாற்றப்பட்டது என்பதற்கு ஆவணம் இல்லாவிட்டால், மாற்றப்படவில்லை என்றே வைத்துக்கொண்டு, அதை இறுக்கிவைக்கும் டென்ஷனரோடும் வாட்டர் பம்போடும் சேர்த்து மாற்றிவிடுவதே நல்லது. ஏனெனில் இத்தகைய எஞ்சின்களில் பெரும்பாலானவற்றில் பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதும். அதோடு எஞ்சினின் கதை முடிந்துவிடும்.

அடுத்து பிரேக். இதில்தான் சாலைக்கும் தடத்துக்கும் உள்ள வேறுபாடு மிகத் தெளிவாகத் தெரியும். ஓட்டுநரோடு சேர்த்து 1000 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 160 கிலோமீட்டரிலிருந்து 80க்கு இறங்கும்போது, ஏறத்தாழ 740 கிலோஜூல் ஆற்றல் வெப்பமாக மாறுகிறது; இரண்டு லிட்டருக்கும் அதிகமான தண்ணீரை அறை வெப்பநிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக இது போதும். அதன் பெரும்பகுதி முன்சக்கரங்களோடு சுழலும் இரண்டு பிரேக் டிஸ்க்குகளுக்குள் சில வினாடிகளில் இறங்குகிறது. அவை ஆறி முடிப்பதற்குள் அடுத்த வளைவு வந்துவிடுகிறது. சாலையில் எப்போதோ ஒருமுறை நடப்பது, இங்கே ஒவ்வொரு சுற்றிலும் பலமுறை நடக்கிறது.

இந்தச் சூட்டில் பிரேக் இரண்டு விதமாகக் கைவிடும். இரண்டையும் காலாலேயே பிரித்தறிய முடியும். பெடல் கெட்டியாக இருந்தும் கார் நிற்கவில்லை என்றால், டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேடுகள் தம் வெப்ப எல்லையைத் தாண்டிவிட்டன. பெடல் பஞ்சுபோல் அமிழ்ந்து கீழே போனால், பிரேக் ஆயில் கொதித்து ஆவிக்குமிழிகள் உருவாகியிருக்கின்றன. ஆயிலை அழுத்த முடியாது, ஆவியை அழுத்த முடியும் என்பதால் காலின் விசை, பேடுகளை அழுத்தும் காலிப்பரைச் சென்றடைவதில்லை. பிரேக் ஆயிலுக்கான டாட் தரவரிசையில், டாட் 4 ஆயில் புதியதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கவேண்டும்; ஈரத்தை உறிஞ்சிய நிலைக்கான அளவோ 155 டிகிரிதான். டாட் 5.1 தரத்தில் இந்த எண்கள் 260, 180. காற்றிலுள்ள ஈரத்தை இந்த ஆயில் தானாகவே இழுத்துக்கொள்ளும் என்பதால், பழைய காரில் பல ஆண்டுகளாக மாற்றப்படாமல் கிடக்கும் ஆயிலோடு தடத்தில் இறங்குவது பெரிய ஆபத்து. நல்ல ஆயிலை முழுவதுமாக மாற்றிக் காற்றை வெளியேற்றுவதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. ஒட்டுமொத்தப் பணத்துக்கு அதிகப் பலன் தரும் வேலை இதுதான் என்பேன். சிலிக்கான் அடிப்படையிலான டாட் 5 வேறு வகையைச் சேர்ந்தது. பெயர் ஒத்திருக்கிறது என்று அதை இவற்றோடு கலக்கக் கூடாது.

பேடுகளைப் பொறுத்தவரை, தடத்துக்கான கலவை கொண்டவற்றை முன்சக்கரங்களுக்கு மட்டுமாவது பொருத்தவேண்டும். அவை குளிரில் கிரீச்சிடும், டிஸ்க்கை விரைவாகத் தேய்க்கும், தூசியைக் கொட்டும். இவற்றைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். டிஸ்க்குகள் சாதாரணமானவையே போதும். துளையிட்ட டிஸ்க்குகள் பார்வைக்கு அழகாக இருந்தாலும், கடுஞ்சூட்டில் அந்தத் துளைகளின் ஓரங்களிலிருந்தே விரிசல் தொடங்குகிறது. பெரிய காலிப்பர்களுக்காகப் பணம் சேர்ப்பதற்கு முன், இருக்கும் காலிப்பர்களின் சீல்களையும், அவை நகரும் பின்களையும், விரிவடையத் தொடங்கிவிட்ட பழைய ரப்பர் குழாய்களையும் புதுப்பித்துப் பார்க்கவேண்டும்.

டயரும் அலைன்மென்ட்டும் (சக்கரங்களின் கோண அமைப்பும்) ஒரே செலவின் இரண்டு பாதிகள். டயரின் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கங்கள் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பட்டன் ஆழம் நிறைய மிச்சம் இருந்தாலும், வயதான ரப்பர் இறுகிப்போய்ப் பிடிப்பை இழந்திருக்கும். தொடக்கத்தில் அரைப் பந்தய டயர்களுக்குப் போகாமல் நல்ல சாலை டயர்களிலேயே பழகுவதை நான் வலியுறுத்துவேன். பிடிப்பின் எல்லை நெருங்குவதை அவை ஒலியாலும் நெகிழ்வாலும் முன்கூட்டியே சொல்லும்.

அந்த டயர்கள் சீராகத் தேய, கேம்பர் கோணத்தை, அதாவது முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் அளவை, திருத்தவேண்டும். வளைவில் கார் சாயும்போது வெளிப்பக்க முன்டயரும் வெளிநோக்கிச் சாய்ந்து தன் தோளில் நிற்கிறது. தொழிற்சாலை அமைப்பில் விட்டால், ஒரே நாளில் அந்தத் தோள் உரிந்துபோவதைப் பார்க்கலாம். முன்சக்கரங்களுக்கு 2 முதல் 3 டிகிரி வரை எதிர்மறைக் கேம்பர் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்நோக்கிய சாய்வு) கொடுத்தால், சாய்ந்த நிலையில் டயரின் முழு அகலமும் தரையைத் தொடும். ஆனால் காரை மிகவும் தாழ்த்திவிடுவதால் இதே பலன் வந்துவிடும் என்று எண்ணுவது தவறு. ஷாக் அப்சார்பரே சக்கரத்தைத் தாங்கும் தூணாக இருக்கும் மெக்ஃபெர்சன் வகை சஸ்பென்ஷனில் கீழ்க் கை கிடைமட்டத்தைத் தாண்டி மேல்நோக்கிச் சாய்ந்துவிட்டால், சக்கரம் மேலெழும்போது எதிர்மறைக் கேம்பர் கூடுவதற்குப் பதில் குறையத் தொடங்குகிறது. கார் பக்கவாட்டில் சாயும் அச்சுப்புள்ளியான ரோல் மையமும் தாழ்ந்து, கார் முன்னைவிட அதிகமாகவே சாய முற்படுகிறது. சிறிதளவு தாழ்த்தினால் போதும்.

பின்பக்க சஸ்பென்ஷனின் இறுக்கத்தைச் சற்றுக் கூட்டினால், முன்சக்கர இயக்கக் கார் வளைவுக்குள் விருப்பத்தோடு திரும்பும். உள்பக்கப் பின்சக்கரம் தரையை விட்டு எழுவதும் இயல்பே. ஆனால் இந்தத் தலைமுறைக் கார்களில் பல, வளைவின் நடுவே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தால், எடை முன்னால் தாவிப் பின்பக்கம் சுழன்றுவிடும் இயல்பு கொண்டவை. பெஜோ 205 ஜிடிஐ இதற்குப் பெயர் பெற்றது. அதிவேக வளைவில் பயம் வந்தாலும் காலை மெல்ல மட்டுமே தளர்த்தவேண்டும் என்பதைப் புதிதாக வருபவர் முதலிலேயே மனத்தில் பதித்துக்கொள்வது நல்லது.

எஞ்சினைத் தொடாதீர்கள் என்று சொன்னது அதன் சக்தியைப் பற்றி மட்டுமே. அதன் ஆயிலையும் குளிர்விப்பையும் பற்றியதன்று. நீண்ட வளைவில், எஞ்சினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்பில் இருக்கும் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கி, உறிஞ்சு குழாய் காற்றை இழுத்தால், ஒரு கணத்தில் பேரிங்குகள் கெட்டுவிடும். ஆயில் அளவை மேல் குறியிலேயே வைத்திருப்பது இதற்கு எளிய காப்பு. சம்புக்குள் தடுப்புத் தகடு பொருத்துவது அடுத்த படி. பல கார்களில் டாஷ்போர்டிலுள்ள வெப்பமுள், வெப்பம் பரந்த அளவில் மாறினாலும் நடுவிலேயே அசையாமல் நிற்குமாறு அமைக்கப்பட்டிருக்கிறது. ஆயில் எச்சரிக்கை விளக்கோ அழுத்தம் ஏறக்குறைய இல்லாமல் போன பிறகே எரியும். ஆகவே ஆயிலின் வெப்பத்தையும் அழுத்தத்தையும் காட்டும் தனி மீட்டர்கள் அவசியம் என்பது என் கருத்து. பழைய ரேடியேட்டரின் தகடுகள் உதிர்ந்திருந்தால் அதை மாற்றுவதற்கு யோசிக்கவே வேண்டியதில்லை.

எடையைக் குறைப்பது இலவசம்: பின் இருக்கை, உதிரிச் சக்கரம், டிக்கியின் விரிப்பு ஆகியவற்றைக் கழற்றினாலே வேறுபாடு தெரியும். முன் இருக்கையைக் கழற்றுவதென்றால், அதற்குள் ஏர்பேக் இருக்கக்கூடும் என்பதால், பேட்டரி இணைப்பைத் துண்டித்துச் சற்றுநேரம் காத்திருந்த பிறகே கை வைக்கவேண்டும்.

இருக்கை, பெல்ட், காருக்குள் பொருத்தும் இரும்புக் குழாய்ப் பாதுகாப்புக் கூண்டு ஆகிய மூன்றையும் ஒன்றாகவே சிந்திக்கவேண்டும். பலரும் இவற்றில் ஒன்றை மட்டும் செய்து ஆபத்தைக் கூட்டிக்கொள்வதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது. இரு தோள்களையும் இடுப்பையும் கட்டும் நான்கு முனைப் பெல்ட்டைச் சாதாரண இருக்கையோடு பொருத்தினால், மோதலின்போது இடுப்புப் பட்டை வயிற்றுக்கு மேலேறி உடல் கீழே வழுக்கிச் செல்லக்கூடும். தோள் பட்டைகள் பின்தரையை நோக்கிச் செங்குத்தாக இறங்கினால், மோதலின் விசை முதுகெலும்பை அழுத்தும். கார் கவிழ்ந்து கூரை நசுங்கினால், மூன்று முனைப் பெல்ட்டில் உடல் பக்கவாட்டில் ஒதுங்க இடமுண்டு; தோள்களை இறுகக் கட்டிய பெல்ட்டில் அந்த இடமும் இல்லை. முழுக் கூண்டு பொருத்திய காரைச் சாலையில் ஹெல்மெட் இல்லாமல் ஓட்டினால், தலைக்கு அருகிலுள்ள இரும்புக் குழாயே எதிரியாகிவிடும். எனவே, தடத்துக்குத் தானே ஓடிச் சென்று திரும்பும் காருக்கு, நல்ல நிலையிலுள்ள அசல் மூன்று முனைப் பெல்ட்டும், உடலைப் பக்கவாட்டில் பிடித்துவைக்கும் இருக்கையுமே போதும் என்று முடிவுசெய்தேன். ஹெல்மெட்டில் மட்டும் சிக்கனம் பார்க்கவில்லை. ஸ்னெல் என்னும் ஹெல்மெட் பாதுகாப்புத் தரத்தில் எஸ்ஏ வகை கார் ஓட்டுநருக்கானது. மோட்டார் சைக்கிளுக்கான எம் வகைக்கு இல்லாத தீத்தடுப்புச் சோதனை அதற்கு உண்டு.

முன்பதிவு செய்வதற்கு முன் தடத்தின் ஒலி வரம்பையும், இழுவைக் கொக்கி கட்டாயமா என்பதையும், உங்கள் காப்பீடு தடத்தில் செல்லுமா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஓட்டும் நாளில் ஒவ்வொரு முறையும் சில சுற்றுகளோடு நிறுத்திக்கொள்வது பழைய காருக்கு நல்லது. கடைசிச் சுற்றைப் பிரேக்கை அநேகமாகத் தொடாமல் மெதுவாக ஓட்டி, டிஸ்க்குகளும் ஆயிலும் ஆற இடம்கொடுக்கவேண்டும். நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக்கை இழுக்காமல், கியரில் விட்டுச் சக்கரத்துக்கு ஒரு கட்டை வைக்கிறேன். சூடான டிஸ்க்கை பேட் ஓரிடத்திலேயே இறுகப் பற்றிக்கொண்டிருப்பது இரண்டுக்கும் நல்லதன்று. டயர் சூட்டோடு இருக்கும்போதே காற்றழுத்தத்தை அளந்து, ஏறியதைக் குறைக்கிறேன். வீடு திரும்புமுன் மீண்டும் நிரப்பவேண்டும் என்பது பலருக்கு மறந்துபோகிறது. சக்கர நட்டுகளின் இறுக்கத்தை, ஆறிய பிறகு டார்க் ரெஞ்ச்சால் சரிபார்க்கிறேன்.

இனி இந்தக் காரில் சேர்க்க விரும்புவது ஒன்றுதான்: ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் லிமிட்டெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல். மெதுவான வளைவுகளிலிருந்து வெளியேறும்போது எடை குறைந்த உள்பக்க முன்சக்கரம் வீணாகச் சுழல்கிறது; இருக்கும் சக்தியே தரையைச் சேராதபோது கூடுதல் சக்தி அந்தச் சுழற்சியைத்தான் அதிகமாக்கும். ஆனால் அதைப் பொருத்த கியர்பாக்ஸை இறக்கவேண்டும். கிளட்ச் மாற்றவும் அதே வேலைதான். இப்போதைய கிளட்ச் இன்னும் வழுக்காமல் பிடிப்பதால், அது தேயும் வரை காத்திருந்து, இரண்டையும் ஒரே கூலியில் முடித்துக்கொள்வதாக இருக்கிறேன்.