கையின் வேலையைக் காலிடம் ஒப்படைத்தல்

கை இயங்காதவர்களுக்குப் பாதணி வடிவமைக்கிறேன் என்று சொன்னால், "வெல்க்ரோ வைத்தால் போதாதா?" என்றே பெரும்பாலோர் கேட்பார்கள். கொழும்பில் ஆளுக்கு ஆள் அளவெடுத்துச் சப்பாத்துச் செய்யும் சிறிய பட்டறையொன்றில் பணியாற்றும் எனக்கு, அந்தக் கேள்வி வேலையின் கடைசிக் கட்டத்தை மட்டுமே காண்பதாகப் படுகிறது. சப்பாத்து அணியும்போது கை முதலில் அதன் நாக்கை இழுத்து வாயை அகலத் திறக்கிறது. குதிகால் உள்ளே இறங்கும்வரை பின்புறம் மடங்காதபடி பிடித்துக்கொள்கிறது. அதன் பிறகுதான் கட்டுகிறது. வெல்க்ரோ இலகுவாக்குவது கட்டும் வேலையை மட்டுமே. அதிலும், நீளவாக்கில் இழுத்தால் விடாத அந்தப் பட்டி ஓரத்திலிருந்து உரித்தால் சிறு விசைக்கே விட்டுக்கொடுக்கும் என்பதால், விரல்களால் கிள்ளிப் பிடிக்க முடியாத மூட்டுவாதக்காரருக்குப் பட்டியின் நுனியில் பெருவிரல் நுழையுமளவு வளையமொன்று தைத்துக் கொடுத்தாலொழியப் பயனில்லை.

இத்துறையில் அதிகம் பேசப்படுவது நைக்கி நிறுவனத்தின் பாதணிகள்தாம். பெருமூளை வாதத்துடன் பிறந்த மத்தியூ வால்சர் என்ற அமெரிக்க இளைஞர், தாமாகவே அணியக்கூடிய சப்பாத்தொன்றைக் கேட்டு 2012இல் அந்நிறுவனத்துக்கு எழுதினார். குதிகாலைச் சுற்றி இழுத்து மூடும் ஸிப் வைத்த சப்பாத்து 2015இல் வெளிவந்தது. 2021இல் வந்த மற்றொரு வகையின் அடிப்பாகம் நடுவில் வளைந்து திறந்தபடியே நிற்கும். காலை வைத்து அழுத்தினால் மூடிக்கொள்ளும். மற்றக் காலால் குதிப்புறத்தை மிதித்தால் கழன்றுவிடும். கை எதற்கும் தேவையில்லை. அருமையான பொறிமுறை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அது கையின் வேலையைக் காலிடம் ஒப்படைக்கிறது. மோட்டார் சைக்கிள் விபத்தில் தோள்நரம்பு அறுந்து கை செயலிழந்த இளைஞருக்கு அது பொருந்தும். பாரிசவாதத்தில் கையோடு அதே பக்கக் காலும் தளர்ந்துபோனவர் ஒற்றைக் காலில் நின்று மற்றதை மிதிப்பது எப்படி? எங்களிடம் வருவோரில் இரண்டாவது வகையினரே அதிகம்.

அவர்களுக்காக நாங்கள் பின்புறம் கதவுபோலத் திறந்து விழும் வடிவத்தையே பெரும்பாலும் தேர்கிறோம். கதிரையில் அமர்ந்தபடி, கணுக்காலைத் தாங்கும் பிளாஸ்திக் அணைகருவியோடு காலைப் பின்னாலிருந்து உள்ளே தள்ளலாம். பிறகு ஒரு கையால் அந்தப் பகுதியை உயர்த்திப் பட்டியை முன்னே இழுத்து ஒட்டினால் முடிந்தது. பட்டி எந்தப் பக்கம் முடிய வேண்டும் என்பதில்தான் நாங்கள் நீண்ட நேரம் செலவிடுவோம். வழக்கமான சோடியில் இரண்டு பட்டிகளும் வெளிப்புறமாக முடியும். வலக்கை இயங்காதவர் இடக்கையை வலக்காலின் வெளிப்புறம்வரை நீட்ட வேண்டுமானால் உடலை முழுதாகத் திருப்ப வேண்டும். அந்நிலையில் சாய்ந்து விழுந்துவிடும் ஆபத்தும் உண்டு. ஆகவே அவருடைய இரு பட்டிகளையும் இடப்பக்கம் முடியுமாறு தைக்கிறோம். வலச் சப்பாத்தின் பட்டி நுனி உட்புறத்துக்கு வருவதால், நடக்கையில் மற்றக் காலில் உரசாதபடி அதைப் பாதத்தின் மேற்பரப்பிலேயே நிறுத்திவிட வேண்டும். எங்கள் மூத்த தையல்காரருக்கு இன்றுவரை இது பிடிப்பதில்லை. சோடி என்றால் ஒன்றுக்கொன்று எதிர்ப்படமாக இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

வெளிநாட்டு வடிவமைப்புகளில் பல, அணிவதைப் பற்றி யோசிக்கும் அளவுக்குக் கழற்றுவதைப் பற்றி யோசிப்பதில்லை. இங்கோ வீட்டு வாசலிலும் கோயில் வாசலிலும் கழற்றியாக வேண்டும், பெரும்பாலும் உட்கார இடமின்றி. வெள்ளவத்தையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், "கோயிலுக்குப் போறதெண்டால் சாமி கும்பிட இல்லை, சப்பாத்துக் கழட்டவெண்டு ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போகவேண்டிக் கிடக்கு, தம்பி" என்றார். ஆஸ்பத்திரிச் சப்பாத்துப் போலத் தெரிந்தால் தொடவே மாட்டேன் என்றும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அது நியாயமான நிபந்தனை. அவருக்குத் திறப்பைப் பின்புறமே வைத்து, பட்டியைச் சேலைக் கரைக்குப் பொருந்தும் கருஞ்சிவப்புத் தோலில் தைத்தோம். வாசலில் சுவரைப் பிடித்து நிற்பதற்கு அவருக்கு இயங்கும் ஒரே கை வேண்டும் என்பதால், நின்றபடி கழற்றும் வழி மட்டும் இன்னும் சரிவரவில்லை. தற்போது நலமான காலின் நுனியால் உரிக்கத்தக்க அகன்ற நாக்கொன்றைக் குதிப்புறத்தில் வைத்துப் பார்க்கிறோம். மழைநீரும் மணலும் ஏறிய வெல்க்ரோவில் அது எத்தனை மாதம் தாங்கும் என்பதை அடுத்த மழைக்காலத்தில் பார்க்க வேண்டும்.